பெயிண்ட் அடிக்க மறுத்த மூக்கண்ணன்

மதுரையில் பெயிண்ட் அடிக்கத் தெரிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். பெயிண்ட் அடிக்க முடியாது என்று வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே சொல்லத் தெரிந்தவர், எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். வில்லாபுரத்து மூக்கண்ணன்.

நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. என் செல்போனில்கூட 'மூக்கண்ணன் பெயிண்டர்' என்றுதான் பதிந்து வைத்திருக்கிறேன். மூக்கு பெரிதாக இருக்குமோ என்று நினைக்க வேண்டாம். எல்லோருக்கும் இருப்பது போன்ற மூக்குதான். அதை அவர் கொண்டுபோய் வைக்கிற இடம்தான் வேறு. எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் செருப்பைக் கழற்றுவார், ஒரு வணக்கம் போடுவார், நேரே போய்ச் சுவரில் மூக்கை வைத்துவிடுவார். ஒரு மூலையில் ஆரம்பித்து அடுத்த மூலை வரைக்கும், கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சாண் கூட விடாமல் முகர்ந்துகொண்டே போவார். முதல் தடவை பார்க்கிற பெண்கள் மெல்லச் சமையலறைக்குள் நழுவிவிடுவார்கள். ஆண்கள், தைரியசாலிகளாக இருந்தால், "என்னண்ணே பண்றீங்க?" என்று கேட்பார்கள்.

"கலரப் பாக்குறதுக்கு முன்னாடி உள்ள ஆளு இருக்கானான்னு பாக்கணும்ல."

ஆள் என்று அவர் சொல்வது பூசணத்தை. சுவருக்குள் ஈரம் ஏறியிருப்பதை எங்கள் பக்கம் ஓதம் என்போம். ஓதம் ஏறிய இடத்தில் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்த சுவர் என்று தெரிந்துவிட்டால், அந்த வீட்டுக்காரர் காலில் விழுந்தாலும் மூக்கண்ணன் பிரஷ்ஷைத் தொட மாட்டார்.

"அழுக்குச் சட்டை மேல புதுச் சட்டையப் போட்டுட்டுக் குளிச்சாச்சுன்னு சொல்லச் சொல்றியா? போப்பா."

பழைய டவுனில் அத்தர் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர், கடைக்கு வர்ணம் அடிக்க அவரைக் கூப்பிட்டிருந்தார். அந்தக் கடை வாசலில் காலை வைத்தாலே தலை கிறுகிறுக்கும். ரோஜாவும் சந்தனமும் மரிக்கொழுந்தும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். மூக்கண்ணன் உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றினார். கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்று, "இத நகட்டுங்க பாய்" என்றார். நகர்த்திப் பார்த்தால், பின்சுவர் முழுக்கக் கறுப்புக் கம்பளியைப் போர்த்தியது போலப் பூசணம்.

பாய் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "யா அல்லா. இம்புட்டு அத்தருக்கு நடுவுல ஒங்க மூக்குக்கு மட்டும் இது எப்படிண்ணே தெரிஞ்சுச்சு?"

மூக்கண்ணன் பாய் கொடுத்த டீயைக் குடித்தார். அன்று முதல் கடைக்கு வருகிறவர்களிடம் பாய் அத்தரைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டு மூக்கண்ணனைப் பற்றியே பேச ஆரம்பித்தார். அந்தப் புகழ் கீழவாசலைத் தாண்டி எங்கள் தெரு வரைக்கும் வந்து சேர்ந்தது.

புகழ் வந்த வேகத்தில் பகையும் வந்தது. வீட்டை வாடகைக்கு விடுவதற்கு முன்னால் சுவரில் இருக்கும் கறுப்பை மறைக்கச் சொல்லி ஒரு வீட்டுக்காரர் அவரைக் கூப்பிட்டார். இவர் வழக்கம்போல முடியாது என்றார். சொல்லிவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை. எதிர் டீக்கடையில் காத்திருந்து, வீடு பார்க்க வந்த புதுக் குடித்தனக்காரரைத் தெருமுனையில் மடக்கி, "வீடு நல்ல வீடுதான் சார். அந்தக் கடைசி ரூம்ல மட்டும் யாரும் படுத்துறாதீங்க" என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டுக்காரர் கையில் கம்போடு இவரை அவனியாபுரம் ரோட்டில் பாதி தூரம் துரத்தினார் என்று கேள்வி. மூக்கண்ணனிடமே கேட்டேன். "பாதி தூரம்லாம் இல்ல தம்பி. ரயில்வே கேட் வரைக்கும்தான்" என்றார்.

இப்படிப்பட்டவரை நானே என் வீட்டுக்குக் கூப்பிட்டேன் என்றால், அது என்னுடைய அவசரம்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி அது. அப்போது நாங்கள் வில்லாபுரத்தில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தோம். நான், என் மனைவி சுமதி, இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் யாழினி. மேல்பகுதியில் வீட்டு உரிமையாளரும் அவர் மனைவியும். சௌராஷ்டிரக்காரர்கள். எங்களோடு பேசும்போது தமிழ். தங்களுக்குள் சண்டை என்றால் அவர்கள் மொழி. சண்டையில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எங்களுக்குப் புரியாது. ஆனால் யார் ஜெயித்தார்கள் என்பது மட்டும் சத்தத்தை வைத்துத் தெரிந்துவிடும். பெரும்பாலும் அம்மாதான்.

சுமதியின் தங்கை கவிதாவுக்கு ஒரு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் மதுரையிலேயே ஆனையூர். பெண் வீடோ எழுமலையில். அந்த மழையில் அவ்வளவு தூரம் அவர்களை அலைய வைக்க வேண்டாம், மதுரையில் நம் வீட்டிலேயே பெண் பார்த்துக்கொள்ளட்டும் என்று நான் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் படுக்கையறைச் சுவர் ஞாபகத்துக்கு வந்தது. பீரோவுக்கு மேலே கறுப்பாக ஒரு படை. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் வளரும். அந்த வருஷம் அது ஏறக்குறைய இலங்கை வரைபடம் அளவுக்கு வந்திருந்தது. வருகிறவர்கள் வருவது ஞாயிற்றுக்கிழமை. நான் மூக்கண்ணனைக் கூப்பிட்டது திங்கட்கிழமை.

வந்தார். மூக்கை வைத்தார். எடுத்தார்.

"பீரோவ நகட்டு தம்பி."

"அது எதுக்குண்ணே? மேல தெரியுற இடத்துல மட்டும் ஒரு கோட்டு அடிச்சா போதும்."

"நகட்டு."

பீரோவையும் அதன் பக்கத்தில் இருந்த அட்டைப்பெட்டிகளையும் நகர்த்தினேன். வெளியே தெரிந்தது இலங்கை மட்டும்தான். உள்ளே இந்தியாவே இருந்தது. தரையிலிருந்து இடுப்பு உயரம் வரைக்கும் கறுப்பும் பச்சையுமாக, சில இடங்களில் பஞ்சு போலப் பொங்கி நின்றது. அட்டைப்பெட்டிகளின் பின்பக்கமும் அதே நிறம். அவற்றில்தான் நான் எழுதிய கட்டுரைகள் வந்த பழைய பத்திரிகைகளை அடுக்கி வைத்திருந்தேன். மூக்கண்ணன் ஒன்றை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். பக்கங்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே பலகையாக வந்தது.

"இது என்னாது?"

"நான் எழுதுனதுண்ணே."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பூசணம் நல்லா வரி விடாமப் படிச்சிருக்கு" என்றார். "எல்லாத்தையும் தூக்கிப் போடு. பேப்பர், அட்டை, இந்த மெத்தை, எதுவும் தேறாது. உள்ள போயிருச்சுன்னா கழுவ முடியாது."

என் இலக்கிய வாழ்க்கை அப்படித்தான் குப்பை வண்டியில் ஏறியது. ஆனால் அதைப் பற்றிச் சண்டை போட எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை. அவர் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலைமாட்டில் பூப் போட்ட சின்னத் தலையணை. அதன் பக்கத்தில் நீல நிற இன்ஹேலர்.

"இங்க யாரு படுக்குறது?"

"எம் பொண்ணு."

"இந்தச் சுவத்துப் பக்கம் தலைய வச்சா?"

"ஆமாண்ணே."

"இழுப்பு எம்புட்டு நாளா இருக்கு?"

"ரெண்டு வருசமா. மழை வந்தா ஜாஸ்தியாகும். டாக்டர்ட்ட காட்டிக்கிட்டுத்தான் இருக்கோம்."

"டாக்டரு வீட்ல ஓதம் இருக்கா, பூசணம் இருக்கான்னு கேக்கலையா?"

கேட்டிருந்தார். போன தடவையும் கேட்டார், அதற்கு முந்தைய தடவையும் கேட்டார். இரண்டு தடவையும் நான் இல்லை என்று சொன்னேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. பீரோவுக்குப் பின்னால் யார் பார்த்தார்கள். ஆனால் மேலே ஒரு படை இருந்ததே, அது என் கண்ணில் பட்டுக்கொண்டேதானே இருந்தது. அதைச் சுவரின் அழகுப் பிரச்சினை என்று நினைத்தேனே தவிர, அதற்கும் என் பிள்ளை மூச்சுக்கும் தொடர்பு இருக்கும் என்று தோன்றவே இல்லை.

"இல்லைன்னு சொல்லிட்டேண்ணே" என்றேன்.

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. தலையணையையும் இன்ஹேலரையும் எடுத்து என் கையில் கொடுத்தார். "புள்ளைய இன்னைலருந்து ஹால்ல படுக்க வையி. இந்த ரூம் கதவச் சாத்தி வையி. டாக்டர்ட்ட போயி இப்படி இருக்குன்னு உள்ளதச் சொல்லு. நான் டாக்டர் இல்ல. புள்ளைய அவர்ட்ட காட்டு, சுவத்த எங்கிட்ட காட்டு."

"அப்ப ஞாயித்துக்கெழமைக்குள்ள அடிச்சிருவீங்களா?"

"அடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். பூசணத் தூள் மூச்சில் போனால் இழுப்பு உள்ள பிள்ளைகளுக்கு அதைத் தூண்டிவிடும், முதலில் அந்த அறையைச் சரிசெய்யுங்கள் என்றார். குரலில் கோபம் இல்லை. அதுவே எனக்குப் போதுமான தண்டனையாக இருந்தது.

குற்ற உணர்ச்சி உள்ளவன் கையில் வாளியைக் கொடுக்கக் கூடாது. மறுநாள் யாழினி பள்ளிக்கூடம் போன பிறகு நானே களத்தில் இறங்கினேன். பிளீச்சிங் பவுடர் பூசணத்தைக் கொல்லும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட் கறையைப் போக்கும் என்று எனக்கே தெரியும். இரண்டையும் சேர்த்தால் இரண்டு மடங்கு வேலை செய்யும் என்று முடிவு செய்தேன். வாளியில் பவுடரைக் கொட்டி, அதன் மேல் ஆசிட்டை ஊற்றினேன்.

அடுத்த நிமிஷம் கண்ணுக்குள் மிளகாய்ப் பொடியைத் தூவியது போல இருந்தது. தொண்டை பூட்டிக்கொண்டது. இருமிக்கொண்டே ஹாலுக்கு ஓடிவந்தேன். அதே நேரம் வாசலில் மூக்கண்ணன். எதற்கு வந்தார் என்று கேட்கக்கூட என்னால் முடியவில்லை. என் முகத்தையும் கையில் இருந்த ஆசிட் பாட்டிலையும் பார்த்தார். அவ்வளவுதான். என்னைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினார். அடுப்படியில் இருந்த சுமதியையும் வெளியே வரச் சொன்னார். ஹால் ஜன்னல்களைத் திறந்துவிட்டு அவரும் வெளியே வந்துவிட்டார்.

"வாளிய எடுத்துட்டு வந்துர்றேண்ணே" என்று நான் இருமலுக்கு நடுவே வீரம் காட்டினேன்.

"தொடாத. அது விசப் புகை. அடங்குற வரைக்கும் யாரும் உள்ள போகக் கூடாது." பிறகு சுமதியிடம் திரும்பி, "தங்கச்சி, இவரு என்ன படிச்சிருக்காரு?" என்றார்.

"எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிண்ணே" என்றாள் சுமதி.

மூக்கண்ணன் மத்தியானம் வரைக்கும் தெருவிலேயே எங்களோடு உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டு மணி நேரத்தில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார்.

பிறகு அவரே முகமூடி, கண்ணாடி, ரப்பர் கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, எனக்கும் மாட்டிவிட்டு, சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து அந்தச் சுவரைத் துடைத்தார். காய்ந்த துணியால் தட்டக் கூடாது, தூள் பறக்கும் என்றார். துடைத்த துணிகளைப் பையில் போட்டு இறுக்கிக் கட்டினார். சுவர் வெளுத்துவிட்டது. எனக்கு மறுபடி ஆசை வந்தது.

"இப்ப அடிச்சிரலாமாண்ணே?"

"தண்ணி எங்கிட்டிருந்து வருதுன்னு கண்டுபிடிக்காம அடிச்சா, அடுத்த மழைக்கு எனக்கு வணக்கம் சொல்லிக்கிட்டே வெளிய வரும்."

அந்தச் சுவருக்கு நேர் மேலே மாடி வீட்டுக் குளியலறை. மூக்கண்ணன் படியேறிப் போய் வீட்டு உரிமையாளரிடம் சொன்னார். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "முப்பது வருசமா இந்த வீட்ல இருக்கேன். என் பாத்ரூம்ல சொட்டுத் தண்ணி கசியாது. அவங்க துணிய ரூமுக்குள்ள காயப் போடுறாங்க, அதான்" என்றார். நாங்கள் துணியை அறைக்குள் காயப் போட்டது உண்மைதான். அதனால் என்னால் நிமிர்ந்து நின்று பேச முடியவில்லை.

மூக்கண்ணன் வாக்குவாதம் செய்யவில்லை. கடைக்குப் போய் வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலம் இரண்டு பாட்டில் வாங்கி வந்தார். மாடி வீட்டு அம்மாவிடம் கொடுத்து, குளியலறைத் தரையில் ஊற்றித் தண்ணீரைத் தேங்கவிடச் சொன்னார். "சாரு சொல்றது சரின்னா கீழ ஒண்ணும் தெரியாது" என்று மரியாதையாகச் சொன்னார்.

வியாழக்கிழமை காலையில் எங்கள் படுக்கையறைச் சுவரில் அழகான நீல நிறத்தில் ஒரு கோடு இறங்கியிருந்தது. சாயங்காலத்துக்குள் அது மூன்று கிளையாகப் பிரிந்தது. மாடி வீட்டு அம்மா இறங்கி வந்து பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். விரல் நுனி நீலம். நேரே மாடிக்கு ஏறிப் போனார். அதன் பிறகு மேலே அரை மணி நேரம் சௌராஷ்டிர மொழியில் நடந்ததில், எனக்குப் புரிந்தது 'பெயிண்டர்' என்ற ஒரு சொல் மட்டும்தான். அது பலமுறை வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் பிளம்பரும் கொத்தனாரும் வந்துவிட்டார்கள்.

மேலே குழாயை மாற்றினார்கள். கீழே நனைந்த காரையை எல்லாம் செங்கல் தெரிகிற வரைக்கும் கொத்தி எடுத்தார்கள். ஆக, கறுப்புப் படையை மறைக்க வேண்டும் என்று ஆரம்பித்த என்னிடம், ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதிச் சுவரே இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் ஆறு பேர் வந்தார்கள். படுக்கையறைக் கதவைச் சாத்தி வைத்திருந்திருக்கலாம். ஆனால் சுவர் காயும் வரை மூக்கண்ணனின் உத்தரவு வேறு: ஜன்னலும் கதவும் திறந்தே இருக்க வேண்டும், டேபிள் ஃபேன் செங்கலைப் பார்த்து ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மழைக்கு முந்தைய புழுக்கம் வேறு. மாப்பிள்ளையின் அப்பா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து, சுவருக்கு மட்டும் காற்று வீசிக்கொண்டிருந்த ஃபேனைப் பொறாமையோடு பார்த்தார். நான் அதை ஹாலுக்குத் திருப்பலாம் என்று எழுந்தேன்.

வாசலில் மூக்கண்ணன். ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் சுவர் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறார். "ஃபேன்ல கை வைக்காத தம்பி" என்றார். வந்திருந்தவர்களுக்கு ஒரு வணக்கம் போட்டார். நேரே போய்ச் செங்கலில் மூக்கை வைத்துவிட்டார்.

கையில் காபித் தட்டோடு கவிதா அப்படியே நின்றாள். என் மாமனார் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் பேசினார். "அவரு யாருங்க? என்ன செய்றாரு?"

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பூசணம், பிள்ளையின் இழுப்பு, சொட்டு நீலம். பிளீச்சிங் பவுடரை மட்டும் விட்டுவிட்டேன். சுமதி அதையும் சேர்த்துக்கொண்டாள்.

அந்த அம்மா எழுந்து படுக்கையறை வாசலுக்கே போய்விட்டார். "ஏங்க, எங்க பூஜை ரூம்ல ஒரு மூலை கறுத்துக்கிட்டே இருக்கு. வருசா வருசம் பெயிண்ட் அடிக்கிறோம். எனக்கும் உள்ள போனா தும்மல் நிக்க மாட்டேங்குது."

"பின்னாடி பக்கம் என்ன இருக்கு?" என்றார் மூக்கண்ணன் திரும்பாமலே.

"பாத்திரம் கழுவுற தொட்டி."

"வருசா வருசம் அடிச்சவன் பின்னாடி போயிப் பாத்தானா?"

"இல்லையே."

"புதன்கெழம வாரேன். அது வரைக்கும் யாரும் பெயிண்ட வாங்கிராதீங்க."

அதன் பிறகு அரை மணி நேரம் ஓதத்தைப் பற்றித்தான் பேச்சு. கவிதாவின் ஜாதகத்தை வாங்குவதற்கு முன்னால் அந்த அம்மா மூக்கண்ணனின் செல் நம்பரை வாங்கிக்கொண்டார். கவிதாவுக்கு அந்த இடமே அமைந்தது. கல்யாணத்துக்கு மூக்கண்ணனுக்கு மாப்பிள்ளை வீட்டார் பத்திரிகை தனி, பெண் வீட்டார் பத்திரிகை தனி.

சுவர் காய நாற்பது நாள் ஆனது. அவர் வாரம் ஒருமுறை வந்து, ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் ஒட்டிவிட்டுப் போவார். மறுநாள் வந்து பார்த்து, தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் உதட்டைப் பிதுக்குவார். வியர்க்காத நாளில்தான் பூச்சு வேலைக்குக் கொத்தனாரைக் கூப்பிடச் சொன்னார். அந்தப் பூச்சும் காய்ந்த பிறகு ஒரு நாள் காலையில் பிரஷ்ஷோடு வந்தார். கூடவே அவர் மனைவி செல்வி அக்கா. நல்ல உயரம், கணீர் என்ற குரல்.

மூக்கண்ணன் கடைசித் தடவையாகச் சுவரில் மூக்கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அப்போது அடுப்படியில் பால் பொங்கித் தீய்ந்துவிட்டது. வீடு முழுக்கக் கருகல் வாடை. நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். யாழினி "அய்யே" என்றாள். செல்வி அக்கா ஓடிப்போய் அடுப்பை அணைத்தார். மூக்கண்ணன் மட்டும் ஒன்றுமே நடக்காதது போல அதே இடத்தில் நின்றார்.

"அண்ணே, பால் தீஞ்சது ஒங்களுக்குத் தெரியலையா?"

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். செல்வி அக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அவருக்கு எப்படித் தம்பி தெரியும். கொரோனா வந்தப்ப போன மூக்கு. இன்னும் திரும்பி வரல. மல்லியப் பூவும் ஒண்ணுதான், மண்ணெண்ணையும் ஒண்ணுதான்."

நான் மூக்கைப் பொத்தியிருந்த கையை எடுத்தேன். "அப்ப இம்புட்டு நாளா மோந்து மோந்து பாத்தது?"

"முன்னாடி நெசமாவே மோந்துதான் பாத்தேன்" என்றார் மூக்கண்ணன். குரலில் கொஞ்சம் வெட்கம் இருந்தது. "மூக்கு போன பின்னாடி, கண்ணால பாத்து, கையால தொட்டுச் சொல்லிப் பாத்தேன். எவனும் நம்பல. 'மூக்கண்ணே, மோந்து பாத்துச் சொல்லுங்க'ன்னான். சரின்னு மூக்க வச்சேன். வச்சாத்தான் தெரியுது, ஓதம் உள்ள இடம் மூக்கு நுனிக்குச் சில்லுன்னு இருக்கும். கைய விட மூக்கு நல்லாச் சொல்லும்."

"அத்தர் கடையில?"

"அலமாரிக்குப் பக்கத்துல காலண்டர் தொங்குச்சு. அட்டை நெளிஞ்சு கெடந்துச்சு. காஞ்ச சுவத்துல அட்டை எதுக்கு நெளியுது?"

"ரொம்பச் சந்தேகமா இருந்தா என்னையக் கூட்டிட்டுப் போவாரு" என்றார் செல்வி அக்கா. "எனக்கு வாடை அடிச்சா இருமுவேன். ஒரு தடவ நெசமாவே சளி பிடிச்சு இருமிட்டேன். நல்ல சுவத்த அடிக்க மாட்டேன்னுட்டு வந்துட்டாரு."

சிரித்து முடித்த பிறகு, ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்டேன். எத்தனையோ பேர் சொன்னதை அடித்துவிட்டுப் போகிறார்களே. அவர் ரோலரைத் தொட்டியில் முக்கி எடுத்து, வடியும் வரை பிடித்துக்கொண்டிருந்தார்.

"நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு டெய்லரு வீடு. அவருக்கு இழுப்பு. மெஷினுக்குப் பின்னாடி சுவரு கறுத்திரும். வருசா வருசம் தீவாளிக்கு முன்னாடி கூப்பிடுவாரு. 'பளிச்சுனு ஆக்கிட்டப்பா'ன்னு சந்தோசப்படுவாரு. மூணு வருசம் அடிச்சேன். நாலாவது வருசம் போறேன், மெஷின் மட்டும் இருக்கு. அது சுவத்தால போச்சா, வயசால போச்சா, எனக்குத் தெரியாது தம்பி. டாக்டருக்குத்தான் தெரியும். ஆனா மூணு தடவையும் மூடி வச்சது நான்தான்."

சொல்லிவிட்டு அவர் அடிக்க ஆரம்பித்தார். இளம் மஞ்சள், யாழினி தேர்ந்தெடுத்த நிறம். நாலு மணிக்குள் முடித்துவிட்டார். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும், அறைக்குள் துணி காயப் போடக் கூடாது, காலையில் ஜன்னலைத் திறக்க வேண்டும் என்று யாழினியிடம்தான் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. என் மேல் அவருக்கு நம்பிக்கை போய்விட்டிருந்தது.

யாழினிக்கு இழுப்பு ஒரேயடியாகப் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். டாக்டர் சொன்ன மருந்து தொடர்ந்தது. ஆனால் அடுத்த ஐப்பசியில், ராத்திரி எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளையைச் சாய்த்துப் பிடித்துக்கொள்கிற வேலை எங்களுக்கு இல்லாமல் போனது. அந்த மழைக்காலத்தில் அவள் ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போடவில்லை. அவளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆரம்பத்தில் முகமூடி இல்லாமல் இருபது வருஷம் சுவர் சுரண்டியதற்கு மூக்கண்ணனின் நுரையீரல் இப்போது கணக்குக் கேட்கிறது. இனிமேல் சுவர்ப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூக்கண்ணன் டாக்டர் பேச்சைக் கேட்கிறவர்தான். ஆனால் செல்போனில் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லவில்லையாம். மகள் வாங்கிக் கொடுத்த போனில் மதுரை முழுக்க வீடியோ காலில் சுவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். "இன்னும் கிட்டக் கொண்டு போ. பீரோவ நகட்டு. அங்கிட்டு இல்ல, இங்கிட்டு. அந்தக் காலண்டரக் கழட்டு." முடிவில் அடிக்கலாம் அல்லது அடிக்காதே. பேச்சு அவ்வளவுதான்.

நாங்கள் ஆனையூரில் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. நல்ல காற்றோட்டம். எந்தச் சுவரிலும் ஒரு பொட்டுக் கறுப்புக் கிடையாது. இருந்தாலும் மழை பெய்த மறுநாள் காலையில் நான் அவருக்கு வீடியோ கால் போட்டு, ஒவ்வொரு அறையாகச் சுவரைக் காட்டுகிறேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நடுவில் இருமிக்கொண்டு, கடைசி மூலை வரைக்கும் பொறுமையாகப் பார்ப்பார்.

"ஒண்ணும் இல்லையே தம்பி. எதுக்குக் கூப்பிட்ட?"

"சும்மாதாண்ணே" என்பேன்.